புட்டியும் பொட்டலமும் வாங்கும் முன்

கால்நடை மருந்துக் கடை அலமாரியில் இன்று என்னதான் இல்லை? கால்சியம் டானிக், கல்லீரல் டானிக், தாது உப்புப் பொட்டலம், ஈஸ்ட் தூள், பைபாஸ் கொழுப்பு, நச்சு ஈர்ப்புத் தூள், பால் பெருக்கும் மூலிகைப் பொடி. எல்லாவற்றின் மேலும் மடி கனத்த மாட்டின் படம். இவற்றில் சில உங்கள் மாட்டுக்குக் கட்டாயம் வேண்டும். சில ஒரு பருவத்தில் மட்டும் வேண்டும். சிலவற்றை விட்டுவிட்டு அந்தப் பணத்துக்குப் புண்ணாக்கு வாங்கிப் போட்டால் மாடும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள். எது எந்த வகை என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது, அவர் உங்கள் தீவனத் தொட்டியைப் பார்த்ததில்லை. ஆகவே தொட்டியிலிருந்தே தொடங்குவோம்.

தொட்டியில் என்ன இருக்கிறது

நம் ஊரில் சாதாரணமாகக் காணும் ஒரு மாட்டை எடுத்துக்கொள்வோம். ஜெர்சி கலப்பினம், எடை 400 கிலோ, இரண்டாம் ஈற்று, இரு வேளையும் சேர்த்து 12 லிட்டர் பால். அதற்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல், 15 கிலோ கம்பு நேப்பியர் புல், 2 கிலோ தவிடு, 1 கிலோ கடலைப் புண்ணாக்கு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டெல்டா மாவட்டங்களில் வைக்கோல் இன்னும் கூடும், புல் குறையும். சேலம், நாமக்கல் பக்கம் தவிட்டுக்குப் பதில் மரவள்ளித் திப்பி வரும். திப்பியில் மாவுச்சத்து உண்டு, புரதம் இல்லையென்றே சொல்லலாம். அதை நம்பியவர்கள் புண்ணாக்கைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

முதல் கேள்வி, அடர்தீவனம் போதுமா என்பது. உடம்பைக் காப்பாற்ற ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது பொதுக் கணக்கு. 12 லிட்டர் மாட்டுக்கு 6 கிலோ வரும். நம் மாடு தின்பது 3 கிலோ. பச்சைப்புல் நன்றாக இருந்தால் ஒரு கிலோவைக் கழித்துக்கொள்ளலாம். அப்போதும் 2 கிலோ பள்ளம் இருக்கிறது. இந்த மாடு கன்று போட்ட முதல் இரண்டு மாதம் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். பிறகு விலா எலும்பு தெரியும், பால் இறங்கும், பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை நிற்காது. பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) குறைகிறது என்பார்கள். இதற்கு எந்த டானிக்கும் மருந்தில்லை. அந்த 2 கிலோவைப் போடுவதுதான் மருந்து.

தண்ணீரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பாலுக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் வேண்டும், உடம்புக்கு வேண்டியது தனி. காலையும் மாலையும் ஒரு குடம் காட்டிவிட்டு, பால் கூட என்ன கொடுக்கலாம் என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் எந்நேரமும் மாட்டுக்கு எட்டும்படி இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி, கால்சியம். இந்த மாட்டின் தீவனத்தில் நாளொன்றுக்கு 50 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்க வேண்டும். பாலில் போவது லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 14, 15 கிராம்தான் என்றாலும், தின்றதில் பாதிகூட உடம்பில் சேராது என்பதால் இவ்வளவு தேவைப்படுகிறது. இப்போது தொட்டியைக் கூட்டிப் பாருங்கள். வைக்கோலில் 10, 12 கிராம் இருக்கும். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் மாட்டுக்குக் கிடைப்பது அதிலும் குறைவு. புல்லில் ஏறத்தாழ 12 கிராம். நேப்பியர் புல்லிலும் ஆக்சலேட் உண்டு. தவிடும் புண்ணாக்கும் சேர்ந்து 4 கிராம். மொத்தம் 30 கிராமைத் தொடாது. குறைவது 20 கிராமுக்கு மேல்.

இனி கால்சியம் டானிக் புட்டியை எடுத்துப் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். 100 மில்லியில் 2 கிராம் கால்சியம் என்று போட்டிருந்தால், தினமும் 100 மில்லி ஊற்றினாலும் பள்ளத்தில் பத்தில் ஒரு பங்குதான் நிரம்பும். அதே 20 கிராம் கால்சியம் 55 கிராம் கால்சைட் தூளில் கிடைக்கும். கோழித் தீவனத்துக்கு வாங்குகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல் தூள்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கால்சியம். விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் புட்டியைக் கையில் எடுக்கக் கூச்சமாக இருக்கும். தூள்கூட வேண்டாம் என்றால் அகத்தி, குதிரைமசால், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனம் 4, 5 கிலோ அறுத்துப் போடலாம். புல் வகைகளைவிட இவற்றில் கால்சியம் பல மடங்கு. கூடவே புரதமும் வரும், தவிட்டுச் செலவு குறையும்.

தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் பற்றிக் கேட்பார்கள். நல்லதுதான், ஆனால் கணக்குக்கு உதவாது. சுண்ணாம்பு தண்ணீரில் கரைவதே கொஞ்சம். ஒரு லிட்டர் தெளிவில் 1 கிராம் கால்சியம்கூடத் தேறாது. தெளிவு கலங்கிச் சுண்ணாம்பே உள்ளே போனால் வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

பாஸ்பரஸ் கதை வேறு. தவிடு தின்னும் மாட்டுக்குப் பாஸ்பரஸ் பெரும்பாலும் போதும், 2 கிலோ தவிட்டிலேயே 25 கிராமுக்கு மேல் இருக்கிறது. தவிடு காணாமல், காய்ந்த புல்லும் தட்டையும் மட்டும் தின்று மேயும் மாடுகள்தான் பாஸ்பரஸுக்கு ஏங்கும். எலும்பைக் கடிக்கும், துணியைச் சவைக்கும், சுவரை நக்கும், மண்ணைத் தின்னும். அப்படிப்பட்ட மாட்டுக்குக் கால்சைட் போட்டுப் பயனில்லை. பாஸ்பரஸும் சேர்ந்த டை கால்சியம் பாஸ்பேட் வேண்டும். குடற்புழு இருந்தாலும் மண் தின்னும் என்பதால் முதலில் சாணியைப் பரிசோதித்துப் புழு மருந்து கொடுத்துவிட்டு இந்த முடிவுக்கு வாருங்கள்.

தாது உப்புக் கலவை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் வாங்கச் சொல்லலாம் என்றால் நான் சொல்வது இதைத்தான். செம்பு, துத்தநாகம், கோபால்ட், அயோடின், மாங்கனீசு ஆகியவை மாட்டுக்கு வேண்டியது மில்லிகிராம் கணக்கில். வைக்கோலும் தவிடும் அதைக்கூடத் தருவதில்லை. செம்பு குறைந்தால் கறுப்பு முடி வெளுத்துச் செம்பட்டையாகும், கண்ணைச் சுற்றி நிறம் மங்கும். துத்தநாகம் குறைந்தால் தோல் தடித்துச் செதிலாகும், குளம்பு கெடும். அயோடின் குறைந்தால் கழுத்து வீங்கிய கன்று பிறக்கும். இவை முற்றிய நிலை. அதற்கு வெகு முன்பே, வெளியே ஒன்றும் தெரியாமல் மாடு பருவத்துக்கு வராமல் நிற்கும். ஊசி மேல் ஊசி போட்டும் சினை நிற்காத மாடுகளுக்கு மருத்துவர்கள் முதலில் தாது உப்பை எழுதித் தருவது இதனால்தான்.

வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1664 எண்ணைப் பாருங்கள். உப்புச் சேராத வகைக் கலவையில் கால்சியம் குறைந்தது 20 சதவீதம், பாஸ்பரஸ் 12 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அந்தத் தரம். சீட்டில் அளவு எதுவும் போடாமல், சத்துகள் நிறைந்தது என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். மலிவுக் கலவைகளில் கால்சைட் தூக்கலாக இருக்கும், பாஸ்பரஸ் இருக்காது. விலை கூடுவது பாஸ்பரஸால்தான், ஆகவே மோசடி நடப்பதும் அங்கேதான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது. ஆவின் சங்கங்களிலும் உறுப்பினர்களுக்குக் கிடைக்கும்.

கறக்கும் மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம், கறவை வற்றிய மாட்டுக்கும் வளர்ந்த கிடேரிக்கும் 30 கிராம். அடர்தீவனத்தை நீங்களே அரைத்துக் கலப்பதாக இருந்தால் 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்பு, 1 கிலோ சாதா உப்பு. கடையில் வாங்கும் மூட்டைத் தீவனத்தில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். மூட்டைத் தீவனம் நாளுக்கு 5, 6 கிலோ தின்னும் மாட்டுக்கு மேற்கொண்டு 50 கிராம் தேவையில்லை. மூட்டைத் தீவனம் 2 கிலோ, மீதி தவிடும் புண்ணாக்கும் என்றால் 30 கிராம் சேர்க்கலாம்.

உப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உப்புச் சேராத கலவை வாங்கியிருந்தால் நாளுக்கு 30 கிராம் உப்பு தொட்டியில் விழவேண்டும்.

தாது உப்பைத் தண்ணீரில் கரைத்துக் காட்டாதீர்கள், பாதி அடியில் தங்கிவிடும். ஈரம் தெளித்த தவிட்டோடு பிசறிக் கொடுங்கள். பொட்டலத்தைப் பிரித்தபின் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். இன்னொன்று, கொட்டகையில் செம்மறியாடு இருந்தால் அது இந்தத் தொட்டியில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டுக்கு வேண்டிய அளவு செம்பு செம்மறிக்கு நஞ்சு, ஈரலில் சேர்ந்து ஒரு நாள் திடீரென்று கொல்லும்.

பலன் எப்போது தெரியும்? பாலில் உடனே எதிர்பார்க்காதீர்கள். முடியில் மினுமினுப்பு ஒரு மாதத்தில் தெரியும், சினைப் பருவம் ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து நாள் போட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துவது பணத்தைச் சாணியில் போடுவதுதான்.

கன்று போடும் முன்னும் பின்னும்

மற்ற எல்லாப் பகுதியையும் மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள். ஒரே பொருள் ஒரு வாரம் முன்பு கொடுத்தால் கெடுதல், ஒரு வாரம் பின்பு கொடுத்தால் உயிர்காப்பு என்பது கால்சியத்தின் கதை.

400 கிலோ மாட்டின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடும் கால்சியம் 3 கிராமைத் தாண்டாது. சீம்பாலில் லிட்டருக்கு 2 கிராம் போகிறது. கன்று போட்ட அன்று 8 லிட்டர் சீம்பால் சுரந்தால் 16 கிராம். இத்தனையும் எங்கிருந்து வரும்? எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் மளமளவென்று இறங்க வேண்டும். அதைத் திறந்துவிடுவது கழுத்திலுள்ள சிறு சுரப்பி ஒன்றின் வேலை. சினையின் கடைசி வாரங்களில் கால்சியத்தைக் கொட்டிக் கொடுத்தால் அந்தச் சுரப்பிக்கு வேலையே இருக்காது. தூங்கிப் பழகிய சுரப்பி, தேவை வந்த நாளில் விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதற்குள் மாடு விழுந்துவிடும்.

அதுதான் பால் காய்ச்சல். பெரும்பாலும் கன்று போட்ட 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வரும். பேர்தான் காய்ச்சல், உடம்பு கொதிக்காது. காது சில்லிட்டிருக்கும், மூக்கு உலர்ந்திருக்கும், பின்கால் தள்ளாடும், பிறகு படுத்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் போட்டுக்கொள்ளும். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட மாடுகளுக்கும், பால் அதிகம் கறப்பவைக்கும், ஜெர்சி ரத்தம் உள்ளவைக்கும் ஆபத்து கூட. முதல் ஈற்றுக் கிடேரிக்கு வருவது அரிது.

ஆகவே கன்று போடும் நாளுக்கு மூன்று வாரம் முன்பிருந்து செய்ய வேண்டியவை இவை. கால்சியம் டானிக்கையும் கால்சைட் தூளையும் நிறுத்துங்கள். அகத்தி, குதிரைமசால் போன்றவற்றை வேறு மாட்டுக்குப் போடுங்கள். தாது உப்புக் கலவையை 30 கிராமுக்கு மேல் போகவிடாதீர்கள். சமையல் சோடா கொடுத்து வந்தால் அடியோடு நிறுத்துங்கள், அது ரத்தத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளி எலும்பிலிருந்து கால்சியம் இறங்குவதைத் தடுக்கிறது. உப்பையும் குறையுங்கள், மடி வீக்கமும் குறையும். தவிடும் வைக்கோலும் தாராளமாக இருக்கட்டும். வருடா வருடம் மாடுகள் விழுகிற பண்ணையாக இருந்தால், மருத்துவரைக் கேட்டு எதிர்மின் உப்புகள் கொடுக்கலாம். மக்னீசியம் சல்பேட், அம்மோனியம் குளோரைடு போன்றவை அந்த வகை. வாய்க்குப் பிடிக்காது, தீவனத்தில் மறைத்துத்தான் கொடுக்க முடியும். சரியாக வேலை செய்கிறதா என்பதை மூத்திரத்தில் பி.எச். தாள் தோய்த்துப் பார்க்கலாம். சாதாரணமாக 8 காட்டும் மூத்திரம் 6க்கும் 7க்கும் இடையே வரவேண்டும்.

நம் ஊர் வழக்கம் இதற்கு நேர் எதிர். கன்று போடப் போகிற மாடு என்று செல்லமாய் எட்டாம் மாதத்திலிருந்தே கால்சியம் புட்டியைச் சாய்க்கிறார்கள். கன்று போட்டதும் எல்லார் கண்ணும் கன்று மேல், மாட்டை மறந்துவிடுகிறார்கள்.

கன்று போட்டபின் ஆட்டம் மாறுகிறது. எழுந்து நின்று, தானே விழுங்கக்கூடிய மாட்டுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் கால்சியம் ஜெல் ஒரு குழாய், 12 மணி நேரம் கழித்து இன்னொன்று. கால்சியம் குளோரைடு அல்லது புரோப்பியோனேட் உள்ள ஜெல்லாக இருக்கட்டும், ரத்தத்தில் சீக்கிரம் ஏறும். புட்டிக் கால்சியத்தை நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம், அதன் நாள் இதுதான். மறுநாளிலிருந்து அகத்தி, தாது உப்பு, கால்சைட் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பலாம்.

விழுந்துவிட்ட மாட்டுக்கு வாய்வழி எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் திறன் போயிருக்கும், ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். உடனே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை மாட்டை ஒருக்களித்து விழவிடாமல், வைக்கோல் மூட்டையை முட்டுக்கொடுத்து நெஞ்சின் மேல் உட்கார வையுங்கள். கால்சியத்தை ரத்தக் குழாயில் ஏற்றுவது அவர் வேலை. வேகமாய்ப் போனால் இதயம் நின்றுவிடும். யாரோ செய்ததைப் பார்த்துவிட்டு நாமே ஏற்றலாம் என்று துணிந்தவர்கள் மாட்டைப் பறிகொடுத்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

நல்ல மாட்டுக்கும்கூட மருந்து ஊற்றும்போது நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, தலையை வானம் பார்க்கத் தூக்கி ஊற்றுவது தவறு. நாக்கை இழுத்தால் மாட்டால் விழுங்க முடியாது. முகவாய் தரைக்கு இணையாக இருக்கட்டும். கன்னத்தின் ஓரமாய்க் கொஞ்சம் கொஞ்சமாய் விடுங்கள், இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஆபத்து, கன்று போட்ட இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை. பால் ஏறுகிறது, பசி அந்த வேகத்துக்கு ஏறவில்லை. தவிட்டை ஒதுக்கி வைக்கோலை மட்டும் கடித்துக்கொண்டு, மூச்சில் பழம் கனிந்தாற்போல ஒரு வாடை அடித்தால் கீட்டோசிஸ் என்று சந்தேகப்படுங்கள். மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றுவார், புரோப்பிலீன் கிளைக்கால் எழுதித் தருவார். நாளுக்கு 250 முதல் 300 மில்லி, சில நாட்களுக்கு. வெல்லம் கரைத்து ஊற்றுவது வழக்கமாக இருக்கிறது. அதை முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே தின்று தீர்த்துவிடும், ரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். மாடு கன்று போடும்போது அளவுக்கு மீறிக் கொழுத்திருந்தாலும் இந்த நோய் தேடி வரும்.

வயிறு புளிக்கும்போது

மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய மாவுப் பானை. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. நார் தின்னும்போது மாடு அசைபோடும். அசைபோடும்போது நாளொன்றுக்கு 100 லிட்டர் வரை எச்சில் ஊறும், எச்சிலில் இயற்கையான சோடா உப்பு இருக்கும், புளிப்பு ஓர் அளவில் நிற்கும். தவிடு, அரிசி, மக்காச்சோள மாவு கூடி வைக்கோல் குறைந்தால் அசை குறைந்து புளிப்பு கூடும். பாலில் கொழுப்புச் சத்து விழும், சாணி நெகிழ்ந்து நுரைக்கும், குளம்பு வலிக்கும்.

மாட்டுப் பொங்கலன்று ஒவ்வோர் ஆண்டும் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். பாசத்தில் ஒரு அண்டா பொங்கலைச் சாப்பிடக் கொடுக்கிறார்கள். கல்யாண மண்டபத்து மிச்சச் சோறும் இப்படித்தான். வெந்த மாவுச்சத்து சில மணி நேரத்தில் அமிலமாகி, மாடு வயிறு உப்பிப் படுத்து, சில நேரம் இறந்தே போகிறது. ஒரு கைப்பிடி ஊட்டிவிட்டுக் கும்பிட்டால் போதும்.

அடர்தீவனம் 6 கிலோவுக்கு மேல் தின்னும் மாட்டுக்கு நாளுக்கு 100 கிராம் சமையல் சோடா, இரு வேளையாகப் பிரித்துத் தீவனத்தில் கலந்து கொடுப்பது பயன்தரும். சித்திரை வெயிலில் மாடு மூச்சிரைத்துப் புல்லை ஒதுக்கும் நாட்களிலும் நல்லது. ஆனால் முதலில் செய்ய வேண்டியது வேறு: அடர்தீவனத்தை மூன்று வேளையாகப் பிரிப்பது, தவிட்டுக்கு முன் ஒரு பிடி வைக்கோலைப் போடுவது, தட்டையைப் பொடியாக நறுக்காமல் இரண்டு மூன்று அங்குலம் விடுவது. இவற்றைச் செய்து பார்த்துக் கொழுப்பு ஏறினால் சோடா வாங்கும் செலவும் மிச்சம். படுத்திருக்கும் மாடுகளைப் பத்து எண்ணுங்கள். ஐந்தாறாவது அசைபோட வேண்டும்.

உயிருள்ள ஈஸ்டும் இதே வயிற்றுக்குத்தான். தீவனம் மாறும்போதும் கோடையிலும் கன்று போட்ட முதல் மூன்று மாதத்திலும் ஓரளவு உதவும். வெயில் படும் ஜன்னலில் வைத்த ஈஸ்ட் செத்துப் போயிருக்கும்.

பைபாஸ் கொழுப்பு, பைபாஸ் புரதம்

பாலில் கொழுப்புச் சத்து குறைகிறது என்றதும் சமையல் எண்ணெய் ஊற்றுவோர் உண்டு. எண்ணெய் மொத்தத் தீவனத்தில் 5, 6 சதவீதத்தைத் தாண்டினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை முடக்கிவிடும், கொழுப்பு இன்னும் கீழே போகும். பைபாஸ் கொழுப்பு என்பது கொழுப்பைக் கால்சியத்தோடு சேர்த்துச் சோப்பு போல ஆக்கியது. முதல் வயிற்றில் கரையாமல் தாண்டிப் போய்க் குடலில் செரிக்கும். 15 லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டுக்குக் கன்று போட்டதிலிருந்து 90 நாள் வரை, நாளுக்கு 100 முதல் 150 கிராம் கொடுத்தால் உடம்பு கரைவது குறையும், சினையும் நேரத்தில் நிற்கும். 8 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இது வீண். அந்த மாட்டின் குறை ஒரு கிலோ மக்காச்சோளத்தில் தீரும்.

புரதத்திலும் இதே கதை. கடலைப் புண்ணாக்கின் புரதம் பெரும்பாலும் முதல் வயிற்றிலேயே கரைந்துவிடும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் அதிகப் பங்கு தாண்டிப் போகும். ஆகவே ஒரே புண்ணாக்கை நம்பாமல் இரண்டைக் கலந்து போட்டாலே பைபாஸ் புரதம் பாதி கிடைத்த மாதிரி. கொங்குப் பக்கம் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி மாட்டுக்குக் கொடுப்பதில் எண்ணெயும் புரதமும் நாரும் ஒருங்கே வருகின்றன, கொழுப்பு ஏறுவது கண்கூடு. நாளுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். கன்றுகளுக்குக் கொடுக்கவே கூடாது, அதிலுள்ள காசிபால் நஞ்சை அவற்றின் வயிறு தாங்காது.

சில சில்லறைக் கேள்விகள்

பி-காம்ப்ளெக்ஸ், கல்லீரல் டானிக் வகைகள் நலமாய்த் தின்னும் மாட்டுக்குத் தேவையில்லை. பி வைட்டமின்களை வயிற்று நுண்ணுயிர்களே தயாரிக்கின்றன. காய்ச்சலில் கிடந்து எழுந்த மாட்டுக்கு, தீவனம் எடுக்காத மாட்டுக்கு மருத்துவர் எழுதினால் கொடுங்கள். வைட்டமின் ஏ அப்படியல்ல, வெளியிலிருந்துதான் வரவேண்டும். மாதக்கணக்கில் வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டுக்கு அது குறையும், கன்று பார்வையின்றிப் பிறக்கக்கூடும். நாளுக்கு 5, 6 கிலோ பச்சைப்புல் கிடைத்தால் ஊசியும் வேண்டாம், சொட்டும் வேண்டாம்.

அசோலாவைப் பற்றிக் கேட்காத கூட்டமே இல்லை. உலர்ந்த எடையில் கால் பங்கு புரதம் என்பது உண்மைதான். ஆனால் பச்சை அசோலாவில் 93 முதல் 95 சதவீதம் தண்ணீர். 2 கிலோ அள்ளிப் போட்டால் சேரும் புரதம் 30 கிராம் சுற்று. 75 கிராம் கடலைப் புண்ணாக்கில் அது இருக்கிறது. கோழிக்கும் கன்றுக்கும் வளர்க்கலாம். அசோலாத் தொட்டி போட்டுவிட்டுப் புண்ணாக்கை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

யூரியா நஞ்சும் ஆகும், தீவனமும் ஆகும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காய்த் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால் வைக்கோல் மிருதுவாகிப் புரதமும் கூடும். எடுத்துச் சற்று ஆறவிட்டுப் போடவேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. யூரியாவைக் கழனித் தண்ணீரில் கரைத்துக் காட்டுவது கொலை.

தண்ணீர்விட்டான் கிழங்கு, வெந்தயம், சீரகம் கலந்த பால் பெருக்கிப் பொடிகளைப் பற்றி என் கருத்து இது: வாய் ருசியால் தீவனம் கொஞ்சம் கூடுதலாய்த் தின்னக்கூடும், அதனால் கால் லிட்டர் கூடலாம். தொட்டி காலியாக இருக்கும் மாட்டுக்கு எந்தக் கிழங்கும் பால் தராது.

பூசணம் பிடித்த புண்ணாக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரம் வாங்கி அஃப்ளாடாக்சின் என்னும் பூசண நஞ்சு பிடிக்கும். தீவனம் குறையும், பால் குறையும், நஞ்சின் ஒரு பங்கு பாலிலும் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாலில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். நச்சு ஈர்ப்புத் தூள் ஓரளவு கட்டுப்படுத்தும். ஆனால் பூசணம் பிடித்த மூட்டையைத் தூள் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது மாட்டுக்கும் பால் குடிக்கும் குழந்தைக்கும் செய்யும் கெடுதல். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள்.

வாங்கியது வேலை செய்கிறதா

ஒரே நேரத்தில் மூன்று பொருளைத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் எடுங்கள். தொடங்கும் முன் ஏழு நாள், காலை மாலைப் பாலை அளந்து நோட்டில் எழுதுங்கள். சொசைட்டிச் சீட்டிலிருந்து கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.ஐயும் எழுதுங்கள். பிறகு மூன்று வாரம் கொடுங்கள், மற்ற தீவனத்தில் கை வைக்காமல். பிறகு நிறுத்தி இன்னொரு ஏழு நாள் எழுதுங்கள். கொட்டகையில் அதே பருவத்து மாடு இரண்டு இருந்தால் ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்குக் கொடுக்காமல் பார்ப்பது இன்னும் நல்லது. கன்று போட்ட இரண்டாம் மாதத்துக்குப் பின் எந்த மாட்டுக்கும் பால் மெல்ல இறங்கத்தான் செய்யும். ஆகவே அந்தக் கட்டத்தில் இறங்காமல் நின்றதையும் ஆதாயமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பொருளின் ஒரு நாள் செலவைப் பாலின் லிட்டர் விலையால் வகுத்தால், குறைந்தது எத்தனை லிட்டர் கூடினால் கை கடிக்காது என்பது தெரியும். நோட்டில் அந்தக் கூடுதல் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். தாது உப்பை மட்டும் இந்த மூன்று வாரச் சோதனையில் எடைபோடாதீர்கள், அதற்கு அடுத்த சினை ஊசி நாள்தான் தேர்வு. நிறுத்தும்போது டானிக்கையும் மூலிகைப் பொடியையும் ஒரே நாளில் விடலாம். பைபாஸ் கொழுப்பையும் சமையல் சோடாவையும் நாலைந்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள்.